மதில்மேல் பூனை என்று சொல்லிவிடாதீர்கள்

அன்புள்ள ஐயா,

கடிதம் வியாழக்கிழமை கைக்கு வந்தது. நான்கு பக்கம். மூன்று பக்கம் மகளைப் பற்றிய குறை, நான்காம் பக்கத்தில், அதுவும் கடைசி வரியில், ஒரே ஒரு கேள்வி: "பாப்பாவை எதில் சேர்க்கட்டும்?" கேள்விக்குப் பதில் வைத்திருக்கிறேன். ஆனால் அந்த மூன்று பக்கத்தைத் தாண்டாமல் பதிலுக்கு வர முடியாது.

எதைக் கேட்டாலும் "இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம்" என்கிறாள். மதில்மேல் பூனை. பள்ளித் தலைவியாக ஓராண்டு இருந்தும் தலைமைக் குணம் வரவில்லை. பொள்ளாச்சியில் இருக்கும் அவளுடைய மாமன் சொன்னபடி இரண்டு நாள் ஆளுமைப் பயிற்சி முகாமுக்கு அனுப்பலாமா? இவ்வளவும் உங்கள் வார்த்தைகள். முகாமுக்கு ஒதுக்கிய பணத்தை மிச்சம் பிடியுங்கள். மேடையில் கையை உயர்த்திக் கத்தக் கற்றுக்கொடுத்து, மாலையில் சான்றிதழும் பிரியாணியும் தருகிற இடங்களைப் பார்த்திருக்கிறேன். பிரியாணி நன்றாகத்தான் இருந்தது.

நீங்கள் சாட்சியாகக் காட்டியிருக்கும் ஆண்டுவிழாச் சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். கேரள எல்லைப் பள்ளி; விழாவைத் தமிழில் தொகுப்பதா, மலையாளத்தில் தொகுப்பதா என்று தமிழ் வழிப் பிள்ளைகளுக்கும் மலையாள வழிப் பிள்ளைகளுக்கும் தகராறு. தலைவியான உங்கள் மகள் மூன்று நாள் வாயே திறக்கவில்லை. கடைசியில் ஓர் ஆசிரியர் வந்து தீர்த்துவைத்தார். "என் மானம் போயிற்று" என்று எழுதியிருக்கிறீர்கள். அவளிடமும் தொலைபேசியில் கேட்டேன். அவள் சொன்னதில் பாதி உங்கள் கடிதத்தில் இல்லை.

அந்த மூன்று நாளும் அவள் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு வகுப்பாகப் போய் உட்கார்ந்து பேசியிருக்கிறாள். மொழிச் சண்டை என்று எல்லோரும் நினைத்தது பேச்சு வளர வளர வேறு முகம் காட்டியிருக்கிறது. ஒத்திகைக்கு அரங்கம் ஒன்றுதான். காலை நேரம் ஒரு பிரிவுக்கு, பள்ளி விட்ட பிறகு, நாலு மணிக்கு மேல், தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு. அவர்களில் பாதிப் பேர் எருத்தேன்பதி, வண்ணாமடைப் பக்கத்துப் பிள்ளைகள். நாலரை பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு இருட்டிவிடும். பெண் பிள்ளைகள் ஒத்திகையை விட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். ஒத்திகை இல்லாததால் நாட்டியம் நீக்கப்பட்டது. நாட்டியம் போனபின் எஞ்சியிருந்தது தொகுப்பாளர் இடம் ஒன்றுதான். அதையும் விட்டுக்கொடுக்கச் சொன்னபோது "எங்கள் மொழியை மதிக்கவில்லை" என்ற பேச்சு கிளம்பியது.

பஸ் நேரத்தில் முளைத்த வருத்தம் மொழிச் சண்டையாக முற்றியிருந்ததை அந்தப் பள்ளியில் கண்டுபிடித்த ஒரே ஆள் உங்கள் மகள். ஆசிரியர் தீர்த்துவைத்தார் என்கிறீர்களே, எப்படி? அரங்க நேரத்தை மாற்றிப் போட்டுத்தானே? அந்த யோசனையை அவரிடம் கொண்டுபோனது யார் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

இதைச் சொன்னதும் அவளுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக நினைக்காதீர்கள். அவளிடம் ஒரு பெரிய குறை இருக்கிறது. "புதன்கிழமை மதியத்துக்குள் சொல்கிறேன்" என்று ஒரு வார்த்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவள் விசாரித்துக்கொண்டிருக்கிறாள் என்பது மற்றவர்களுக்குத் தெரியாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு விசாரணையும் பயமும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் பிள்ளைகள் அவள்மேல் கோபப்பட்டது நியாயம். நீங்கள் கோபப்பட்டதிலும் பாதி நியாயம்.

அவள் ஏன் உடனே முடிவு சொல்லவில்லை என்பதற்கு ஓர் உதாரணம். உங்கள் கிணற்று மோட்டார் ஓடவில்லை என்று வைத்துக்கொள்வோம். காயில் எரிந்ததா, கெப்பாசிட்டர் போனதா என்று மெக்கானிக் அரை மணியில் சொல்லிவிடுவார். தொழில் தெரிந்தவர் வந்தால் தீருகிற சிக்கல் அது. வாய்க்கால் முறைத் தண்ணீரில் வருகிற சிக்கலுக்கு எந்த மெக்கானிக்கைக் கூப்பிடுவீர்கள்? மேல்மடைக்காரர் தென்னை வைத்திருக்கிறார், கீழ்மடைக்காரர் நெல் வைத்திருக்கிறார், நடுவில் இருப்பவரின் மகள் கல்யாணத்துக்கு இருவரும் போயாக வேண்டும். ஒரு மடையை அடைத்தால் நான்கு வீட்டில் முகம் திரும்பும். போன வருடம் சரியாக இருந்த முடிவு இந்த வருடம் மழை மாறியதும் தவறாகிவிடும்.

உங்கள் பக்கத்தில் இதை விளக்க வெளியூர் உதாரணம் தேவையே இல்லை. தமிழ்நாடும் கேரளமும் தண்ணீரைப் பகிர்ந்துகொள்ளும் பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் கையெழுத்தானது 1970ல். மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளத்துக்கு என்று எழுத்திலேயே இருக்கிறது. 30 ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை என்றும் எழுதியிருக்கிறார்கள். எண் இவ்வளவு தெளிவாக இருந்தும் இரு மாநிலப் பொறியாளர்களும் கூட்டு நீர் வாரியத்தில் உட்கார்ந்து எப்போது எவ்வளவு என்று பேசிக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஏனென்றால் மழை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. அந்த மேசையில், "முடிவெடு, முடித்துவிடு" என்று மேசையைத் தட்டுகிற ஆளை உட்காரவைத்துப் பாருங்கள். உங்கள் பக்கத்து மூலத்தறை அணைக்கட்டுக்குத் தண்ணீர் வந்து சேருமா?

இந்த இடத்தில் என் கதை ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன் வேலந்தாவளம் பக்கத்திலிருந்து என்ன படிப்பது என்று கேட்டு ஒரு பையன் என்னிடம் வந்தான். கணக்கில் நல்ல மதிப்பெண். பத்தே நிமிடத்தில் "இன்ஜினீயரிங் எடு" என்று சொல்லி அனுப்பினேன். அவன் ஒரே மகன், தகப்பனாருக்கு முழங்கால் நடக்க விடாது, வீட்டில் ஆறு கறவை மாடு. இதில் ஒன்றையும் நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. இரண்டாம் ஆண்டில் படிப்பை விட்டுவிட்டு வந்தான். கல்விக் கடன் மட்டும் அவனுடன் வீடு வந்து சேர்ந்தது. என் ஆலோசனை தெளிவாக இருந்தது, உறுதியாக இருந்தது, தவறாகவும் இருந்தது. அன்றிலிருந்து யாருக்கும் முதல் சந்திப்பிலேயே இந்தப் படிப்பை எடு என்று சொல்வதில்லை. உங்கள் மகளின் "அப்படியும் இருக்கலாம்" எனக்கு ஏன் எரிச்சல் தரவில்லை என்பது இப்போது புரிந்திருக்கும்.

நீங்கள் பால் சொசைட்டி இயக்குநர் என்பதால் இன்னொன்று. கோழிக்கோட்டில் 1921ல் பிறந்த, அமுலை வளர்த்த வர்கீஸ் குரியனை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அவர் 1949ல் குஜராத்தின் ஆனந்துக்கு விருப்பப்பட்டுப் போகவில்லை என்பதை மறந்துவிடுகிறோம். அரசு உதவித்தொகையில் அமெரிக்காவில் படித்ததற்கு ஈடாக ஒப்பந்தப்படி பார்க்க வேண்டிய வேலை அது. முடிந்ததும் கிளம்பிவிடத்தான் எண்ணியிருந்தார். கிண்டியில் இயந்திரப் பொறியியல் படித்தவர். பக்கத்து விவசாயிகளின் கூட்டுறவு ஒன்றியத்தில் பழைய இயந்திரங்கள் தகராறு செய்தபோது கைகொடுத்தார். அங்கே தலைவராக இருந்த திரிபுவன்தாஸ் படேல் தங்கச் சொன்னார், தங்கிவிட்டார்.

தங்கிய பிறகு அவர் முன் வந்து நின்ற சிக்கல், நட்டு போல்ட் சிக்கல் அல்ல. குளிர்காலத்தில் எருமைகள் கூடுதலாகக் கறக்கும். பம்பாய் அவ்வளவையும் வாங்காது. மிஞ்சுகிற பாலை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால் விவசாயி மறுபடி தரகரிடம்தான் போவார். ஆகவே எல்லாப் பாலையும் வாங்கியாக வேண்டும், வாங்கியதைப் பொடியாக்கியாக வேண்டும். எருமைப்பாலைப் பொடியாக்க முடியாது என்று அப்போது வெளிநாட்டு நிபுணர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உடன் பணிபுரிந்த எச். எம். தலாயா செய்துகாட்டினார்; 1955ல் அதற்கான ஆலையே எழுந்தது. எருமையின் மடி, நகரத்தின் தேவை, தரகரின் பிடி, ஆலையின் கொதிகலன் நான்கையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் வேலை அது. முதல் நாளே எல்லாம் தெரிந்து இறங்கியவரின் கதையாக எனக்கு இது படவில்லை. நாளைக்கு ஊருக்குப் போகலாம் என்று பெட்டியைக் கட்டிவைத்திருந்தவர், ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு உள்ளே இழுக்கப்பட்ட கதை.

சரி, படிப்புக்கு வருகிறேன்.

அவள் பிளஸ் டூவில் படித்தது கலைப் பிரிவு (ஹியுமானிட்டீஸ்). பொருளாதாரத்தில் ஆர்வம், கணக்கு வேம்பு. மாமன் சொல்லும் பி.காம். கம்ப்யூட்டர் அப்ளிகேஷனில் தவறில்லை, ஆனால் அதற்கான ஒரே காரணம் மாமன் வீடு கல்லூரிக்குப் பக்கத்தில் இருப்பது என்றால் அது போதாது. கேரளத்துப் பல்கலைக்கழகங்களில் 2024ல் நான்காண்டுப் பட்டப்படிப்பு வந்துவிட்டது. மூன்றாம் ஆண்டின் முடிவில் பட்டத்தோடு வெளியேறலாம், நான்காம் ஆண்டும் படித்தால் ஆனர்ஸ். முதன்மைப் பாடத்தோடு துணைப்பாடங்களைத் தேர்ந்துகொள்ள இடம் இருக்கிறது. இவளைப் போன்ற பிள்ளைக்கு இந்த அமைப்பு பொருந்தும். பொருளாதாரத்தை முதன்மையாக எடுக்கட்டும்; வணிகவியலோ தமிழோ துணையாக இருக்கட்டும். பட்டத்துக்குப் பிறகு கிராமிய மேலாண்மை படிக்க ஆனந்தில் 1979ல் குரியன் தொடங்கிய நிறுவனம் இருக்கிறது. 2025ல் நாடாளுமன்றச் சட்டத்தின்படி அது திரிபுவன் சககாரி பல்கலைக்கழகமாகிவிட்டது. கூட்டுறவு வேலைக்குப் போக நினைப்பவர் பார்த்துவைக்க வேண்டிய இடம். இப்போதே அதை முடிவு செய்ய வேண்டாம், பெயரை மட்டும் காதில் போட்டுவையுங்கள்.

அரசு வேலை என்ற உங்கள் ஆசையையும் நான் ஒதுக்கவில்லை. கேரளத் தேர்வாணையம் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களுக்குத் தமிழும் மலையாளமும் அறிந்த எழுத்தர் என்றே தனியாகப் பணியிடம் அறிவிப்பது உங்களுக்குத் தெரியும். பட்டப்படிப்பை விடாமலே அந்தத் தேர்வை எழுதலாம். இரண்டு மொழியிலும் பிழையில்லாமல் மனு எழுதத் தெரிந்த பெண் எல்லைப் பக்கத்தில் எந்த அலுவலகத்துக்கும் சொத்து. வாய்தா வாங்கிக்கொண்டே இருப்பவளாக அவள் ஆகிவிடக் கூடாது என்றால் அதற்கு வீட்டில் பழக்க வேண்டியது ஒன்று உண்டு.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். எந்த முடிவானாலும் அதில் மூன்று வரி எழுதட்டும்: என்ன முடிவு, எந்தத் தேதிக்குள்; இதனால் என்ன நடக்கும் என்று நினைக்கிறேன்; எது நடந்தால் என் எண்ணத்தை மாற்றிக்கொள்வேன். மூன்றாவது வரிதான் கடினம். பெரியவர்களாலேயே எழுத முடிவதில்லை. நான் எழுதிப் பார்த்து விழித்திருக்கிறேன். ஒரு மாதம் கழித்துப் பழைய பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும்போது, தான் எங்கே தவறாகக் கணித்தோம் என்பது அவளுக்கே தெரியும். இரண்டு பக்கமும் பார்க்கிற புத்திக்கு ஒரு தேதியைக் கட்டிவிட்டால் அது தள்ளிப்போடுதல் ஆகாது.

நோட்டில் எழுத விஷயம் வேண்டுமே. இந்த விடுமுறையில் உங்கள் வீட்டு மாட்டுக் கணக்கை அவளிடம் ஒப்படையுங்கள். தீவனப்புல் போதுமா, தவிடும் புண்ணாக்கும் எவ்வளவு வாங்குவது, கறவை நின்ற மாட்டை விற்பதா வைத்திருப்பதா. இரண்டு மாதம். நடுவில் புகுந்து திருத்தாதீர்கள். கொஞ்சம் நஷ்டம் வரும். முகாம் கட்டணத்தைவிடக் குறைவாகத்தான் வரும். "முடிவு என்ன?" என்று கேட்கிற இடத்தில் எல்லாம் "இன்னும் யாரைக் கேட்க வேண்டும், என்றைக்குச் சொல்வாய்?" என்று கேட்டுப் பாருங்கள். கேள்வி மாறினால் அவள் பதிலும் மாறும் என்று நினைக்கிறேன். மாறாவிட்டால் என்னிடம் சொல்லுங்கள், என் நோட்டில் குறித்துக்கொள்கிறேன்.

கல்லூரிச் சேர்க்கை அறிவிப்பு வந்ததும் ஒரு சனிக்கிழமை கொழிஞ்சாம்பாறைக்கு அவளை அழைத்து வாருங்கள். மதிப்பெண் பட்டியலும் அந்த நோட்டும் போதும். மாமனை இந்த ஒரு முறை விட்டுவிட்டு வரலாம். வரும் வழியில் நோட்டை வாங்கிப் படித்துவிடாதீர்கள். அவளாகக் காட்டினால் மட்டும் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்