அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் புதிய உதவிப் பயிற்சியாளர்கள் ஏன் கூட்டமாக வருகிறார்கள்?

இது காலால் உதைத்து ஆடும் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம். தலைமைப் பயிற்சியாளரின் கீழ் அணியின் ஒரு பகுதியைப் பொறுப்பேற்று நடத்துபவரே உதவிப் பயிற்சியாளர். தாக்குதலுக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர், தடுப்புக்கு ஒருவர். அவர்களுக்குக் கீழே குவார்ட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் வீரர்), முன்வரிசை என இடவாரியாக ஆட்கள்.

கல்யாணச் சமையல் கான்ட்ராக்டரை மாற்றினால் சரக்கு மாஸ்டரும் ஸ்வீட் மாஸ்டரும் சேர்ந்தே மாறுவார்கள் அல்லவா? அப்படித்தான். தலைமைப் பயிற்சியாளர் தன் ஆட்டமுறை தெரிந்தவர்களையே அழைத்து வருவார். ஒரே ஆட்டத்திட்டத்துக்கு ஒவ்வோர் ஒருங்கிணைப்பாளரும் ஒவ்வொரு பெயர் வைப்பதால், ஆள் மாறினால் வீரர்கள் புது மொழியே கற்க வேண்டும். அதற்கு வசந்தகாலத்தில் கிடைப்பது 15 பயிற்சி நாட்கள்தான்.

இன்னொரு காரணம் பள்ளி வீரர்களை அணிக்கு ஆள்சேர்ப்பது. 2024 ஜூனில், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ, பயிற்சியாளர் விதியைத் தளர்த்தியது. உயர்மட்ட அணிகளில் எந்த ஊழியரும் களத்தில் சொல்லிக்கொடுக்கலாம். ஆனால் வளாகத்துக்கு வெளியே போய்ப் பள்ளி வீரர்களைச் சந்திக்கும் உரிமை தலைமைப் பயிற்சியாளருக்கும் 10 உதவியாளர்களுக்கும் மட்டுமே. டிசம்பர் தொடக்கத்தில் வீரர்கள் கல்லூரியில் சேரக் கையெழுத்திடும்போது அந்த இடங்களில் ஒன்று காலியாக இருந்தால், அங்கே முன்பு இருந்தவர் பேசிவைத்த பையன்கள் வேறு கல்லூரிக்குப் போய்விடலாம். அதனால் காலி இடங்களைச் சேர்த்தே சீக்கிரம் நிரப்பப் பார்ப்பார்கள்.

'உதவி' என்ற சொல்லைப் பார்த்து எடுபிடி வேலை என்று நினைக்க வேண்டாம்: பல அணிகளில் ஆட்டத்தின்போது அடுத்த நகர்வைத் தேர்ந்தெடுப்பவரே ஒருங்கிணைப்பாளர்தான்.