வெளிச்சம் குறைந்தால் சந்தோஷப்படாதீர்கள்

கே: தேனில் ஆன்டிபயாட்டிக் எச்சம் இருந்தால் காட்டிக்கொடுக்கும் என்று ஒரு நீல டார்ச் வாங்கினேன். அடித்ததும் தேன் பச்சையாக மின்னுகிறது. கலப்படமா?

ப: தேனைப் பற்றித் தெரியாது, டார்ச் ஏமாற்று வேலை. ஒளி பட்டு மின்னுவது வேறு, வேதிவினையே ஒளியை உண்டாக்குவது வேறு. ஆய்வகத்தில் இரண்டாவதைத்தான் இருட்டில் வைத்து அளக்கிறார்கள். பாலைச் சோதிக்க இதே மாதிரி டார்ச்சுக்கு நானும் காசைத் தொலைத்திருக்கிறேன். பாலைவிட என் சட்டைக் காலர்தான் பளிச்சென்று மின்னியது, சலவைத்தூளின் புண்ணியம்.

கே: பாலைக் காய்ச்சினால் அதிலுள்ள ஆன்டிபயாட்டிக் மருந்து போய்விடாதா?

ப: போகாது. கிருமி சாகும், மருந்து பெரும்பாலும் அப்படியே தங்கும்.

கே: பால் மாதிரியில் மருந்து இருக்கிறதா என்று லூமினால் (வேதிவினையில் ஒளிவிடும் பொருள்) முறையில் சோதித்தார்கள். ஒளி மிகக் குறைவாம். அப்படியென்றால் பால் சுத்தம்தானே?

ப: தலைகீழ். சோதனைக் குழியில் எதிர்ப்பொருள், அதாவது அந்த மருந்தைப் பிடித்துக்கொள்ளும் புரதம், கொஞ்சம்தான் இருக்கும். பாலில் உள்ள மருந்தும், சோதிப்பவர்கள் சேர்க்கும் நொதி ஒட்டிய மருந்தும் அதில் இடம் பிடிக்க முட்டிமோதும். இடம் கிடைக்காததைக் கழுவிக் கொட்டிவிட்டு, லூமினாலும் ஹைட்ரஜன் பெராக்சைடும் விடுவார்கள். நொதி தங்கிய குழியில் நீல ஒளி வரும். பாலில் மருந்து அதிகமென்றால் அதுவே துண்டு போட்டு உட்கார்ந்துவிடும்; நொதிக்கு இடமில்லை, வெளிச்சமும் இல்லை.

கே: சிறிய பேக்கரி நடத்துகிறேன். 'எச்சம் இல்லை' என்ற சான்றிதழை நம்பி மொத்தமாகத் தேன் வாங்கினேன். பிறகு அதில் குளோராம்பெனிகால் என்ற ஆன்டிபயாட்டிக் இருப்பது தெரிந்தது. சான்றிதழைத் திரும்பப் பார்த்தால், டெட்ராசைக்ளின் என்ற வேறொரு ஆன்டிபயாட்டிக்கை மட்டும் சோதித்திருக்கிறார்கள்.

ப: உங்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. எனக்கு எரிச்சல் மூட்டுவதே அந்த இரண்டு வார்த்தைகள்தான். 'இல்லை' என்று எந்தக் கருவியும் சொல்லாது. 'நான் தேடிய மருந்து, என் கண்ணுக்கு எட்டிய அளவில் இல்லை' என்றுதான் சொல்லும். எந்த மருந்து, எந்த அளவு வரை? இரண்டும் இல்லாத சான்றிதழ் வெறும் காகிதம். அளவுகளும் ஒன்றுபோல இருப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் பாலில் பென்சிலின் கிலோவுக்கு 4 மைக்ரோகிராம் வரை இருக்கலாம், டெட்ராசைக்ளின் 100 வரை இருக்கலாம். குளோராம்பெனிகாலுக்கு அந்தச் சலுகையே கிடையாது. உணவுக்கு வளர்க்கும் உயிரினங்களுக்கு அதைக் கொடுக்கவே தடை. காரணம், அரிதாகச் சிலருக்கு எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உண்டாக்குவதையே நிறுத்திவிடும். அங்கே கிலோவுக்கு 0.15 மைக்ரோகிராம் தென்பட்டாலே நடவடிக்கை. இதெல்லாம் விற்றவருக்குத் தெரியாதா என்ன? மிச்சத் தேனைத் திறக்காமல், தொகுதி எண் தெரியும்படி வையுங்கள். ஒளிச் சோதனை சந்தேகத்தைத்தான் கிளப்பும். மூலக்கூறை எடைபோட்டு அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் உறுதிசெய்த அறிக்கை வாங்கி, எழுத்தில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

கே: எங்கள் பண்ணைக்கு ஒளிமானியும் லூமினால் கிட்டும் வாங்கினோம். ஆறு மாதமாக ஜன்னலோரம் இருந்தது. இப்போது எல்லா மாடுகளின் பாலிலும் மருந்து இருப்பதாகக் காட்டுகிறது. மாடுகளுக்கு ஊசியே போடவில்லை! குறிப்புத்தாளைப் படிக்க நேரமில்லை.

ப: கடிதம் எழுத மட்டும் நேரம் இருந்ததாக்கும். குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய நொதி, உங்கள் வெயிலில் செத்திருக்கும். நொதி செத்தால் ஒளி வராது; ஒளி வராவிட்டால் கருவிக்கு அது மருந்து. குழாய்த் தண்ணீரை விட்டுப் பாருங்கள், அதற்கும் ஊசி போட்டதாகச் சொல்லும்.