வாசகர் கேள்வி–பதில்: ஏழு ‘மன்னே’யும் ஓர் ‘இலமே’யும்

கேள்வி: எஸ்.பி.எம். (மலேசியாவில் ஐந்தாம் படிவத்தில் எழுதும் அரசுத் தேர்வு) தமிழ் இலக்கியத் தாளுக்குப் பயிற்சி செய்கிறேன். இழப்பைப் பாடும் கவிதை வந்தால், ‘கவிஞர் தம் துயரத்தை உள்ளம் உருகக் கூறுகிறார்’ என்று எழுதுகிறேன். ‘எப்படிக் கூறுகிறார்?’ என்று ஆசிரியர் சிவப்பு மையில் கேட்டுப் புள்ளியைக் குறைத்துவிடுகிறார். எங்கிருந்து தொடங்குவது?
– ஐந்தாம் படிவ மாணவி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: வினைச்சொற்களிலிருந்து. பென்சிலை எடுத்து முதலில் வினைகளுக்கு அடிக்கோடிடுங்கள். அடுத்து, காலம் காட்டும் சொற்களுக்கு வட்டம். உவமையும் உருவகமும் அப்புறம். புறநானூறு 112, தந்தை பாரியையும் பறம்பு மலையையும் இழந்த மகளிர் பாடியது. ஐந்தே அடி:

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

இதில் அழுகை, கண்ணீர், துயரம் என்று ஒரு சொல்லாவது உண்டா? கிடையாது. முதல் அடியையும் மூன்றாம் அடியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். ‘அற்றை’ ‘இற்றை’யாகிறது, ‘அவ்’ ‘இவ்’வாகிறது. அகரம் இகரமானதைத் தவிர வேறெதுவும் மாறவில்லை. நிலா அதே நிலா. இனி வரிசை. அன்று தந்தை முதலில், குன்று பிறகு. இன்று குன்று முதலில், தந்தை கடைசியில். சொல்ல வாய் வராததைக் கடைசிவரை தள்ளிப்போட்டு, ‘இலமே’ (இல்லாதவரானோம்) என்று நிறுத்துகிறார்கள். இரண்டாம் அடியின் ‘உடையேம்’ அங்கேதான் உடைகிறது. அன்று வெறும் ‘பிறர்’ ஆக இருந்தவர்கள் இன்று ‘வென்றெறி முரசின் வேந்தர்’. பாரி ஒருவனைச் சேர, சோழ, பாண்டியர் மூவர் சூழ்ந்து வஞ்சனையால் கொன்ற வெற்றிக்கு முரசு வேறா? பழைய உரைகாரர் இதை இகழ்ச்சிக் குறிப்பு என்கிறார். ஆக, துக்கத்துக்குள் கோபமும் இருக்கிறது. ‘சோகம்’ என்று மட்டும் எழுதினால் அது கைநழுவிப் போகும்.

மாணவர்கள் பெரும்பாலும் சறுக்குவது ஓரிடத்தில்: முல்லைக்குத் தேர் ஈந்த கதையை அரைப் பக்கம் எழுதிவிடுகிறார்கள். அது பாரியைப் பற்றிய கட்டுரையாகிவிடும். பின்னணிக்கு இரண்டு வரி போதும். மேற்கோள் மூன்று நான்கு சொல்லுக்கு மேல் வேண்டாம்; ஒவ்வொன்றின் பின்னும் ‘இந்தச் சொல் இல்லாவிட்டால் பாடலில் எது குறையும்?’ என்பதற்கு விடை எழுதுங்கள்.

கேள்வி: அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய பாடலில் (புறம் 235) வரும் ‘மன்னே’ வெறும் அசைநிலை (பொருளின்றி ஓசைக்காக வரும் சொல்) என்று ஒரு குறிப்பேட்டில் பார்த்தேன். சரியா?
– தமிழாசிரியர், பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: தவறு. ‘கழிவே ஆக்கம் ஒழியிசைக் கிளவி’ என்று ‘மன்’ என்ற இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியம் மூன்று பொருள் தருகிறது. இங்கே கழிவு, அதாவது போனதை எண்ணி இரங்குவது. ‘சிறியகட் பெறினே எமக்கீயு மன்னே’: கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான், அது போயிற்றே! இப்படி ஏழு ‘மன்னே’. ஒவ்வொன்றும் ஒரு பழக்கத்தைச் சொல்லி, அதன் கதவைச் சாத்துகிறது. ஏழாவதுதான் உச்சம்: நரந்தம் மணக்கும் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவுவான். அரசனுக்கும் புலவருக்கும் இடையிலிருந்த தொலைவையும் நெருக்கத்தையும் இரண்டு வாசனைகள் காட்டிவிடுகின்றன.

அதன்பின் வேல் பாய்கிறது. அவன் மார்பில் பட்டது பாணர் மண்டையை (உண்கலத்தை) துளைத்து, புலவர் நாவில் போய் விழுகிறது. அதற்குப் பிறகு ஒரு ‘மன்னே’கூட இல்லை என்பதை மாணவர்களைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ‘இனிப் பாடுநரும் இல்லை’ என்று பாடல் நிகழ்காலத்துக்கு வந்துவிடுகிறது. வகுப்பில் வாய்விட்டு வாசிக்கும்போது ஒவ்வொரு ‘மன்னே’யிலும் குரலை இறக்குங்கள். உயர்த்தினால் புகழ்ச்சிப் பாட்டுப்போல ஒலிக்கும்.

கேள்வி: ‘முல்லையும் பூத்தியோ ஒல்லையூர் நாட்டே’ (புறம் 242): இயற்கையும் கவிஞரோடு சேர்ந்து வருந்துவதால் தற்குறிப்பேற்ற அணிதானே (இயல்பாக நடப்பதன்மேல் கவிஞர் தம் குறிப்பை ஏற்றுவது)?
– கல்லூரி மாணவர், கோலாலம்பூர்

பதில்: பாடலில் முல்லை வருந்தவில்லை, பூத்திருக்கிறது. ஒல்லையூர் வீரன் சாத்தன் இறந்தபின் இளையோர் சூடார், வளையோர் கொய்யார், பாணன் சூடான், பாடினி அணியாள் என்று நான்கு எதிர்மறை வினைகளை அடுக்கியபின், பூத்ததே என்று அதட்டுகிறார் குடவாயிற் கீரத்தனார். துக்கத்தில் சேராத இயற்கைமேல்தான் அவருக்கு ஆற்றாமை.

கேள்வி: செபராங் பிறைத் தோட்டமொன்றில் வாழ்ந்த பாட்டி பாடிய ஒப்பாரி என் கைப்பேசிப் பதிவில் இருக்கிறது. இதையும் கவிதையாக ஆராயலாமா?
– வாசகி, ஜார்ஜ்டவுன்

பதில்: தாராளமாக. பேச்சுவழக்கை எழுத்துத் தமிழாகத் திருத்தாமல், கேட்டபடியே எழுதுங்கள். திருத்தினால் எதுகை போய்விடும். மூச்சு எடுக்கும் இடத்தில் அடியை முறியுங்கள். விளிச்சொற்களைத் தனியே குறியுங்கள். இறந்தவர் பாடுபவருக்கு யார் என்பதை அவையே சொல்லிவிடும். அடுத்தடுத்த இரண்டு அடிகள் ஒரே அச்சில் வந்து ஒரு சொல் மட்டும் மாறினால், அந்தச் சொல்லில் நில்லுங்கள். லயம் (தொழிலாளர் வரிசை வீடு), கப்பல், பால்மரம் (ரப்பர் மரம்) என்று தோட்டத்துச் சொற்கள் வந்தால் பொருள் தெரிந்த பெரியவர்களிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

அழுகைக்குத் தொல்காப்பியம் நான்கு காரணம் சொல்கிறது: இழிவு, இழவு, அசைவு, வறுமை. இழவு, உற்றாரையோ இன்பம் தருபவற்றையோ இழப்பது. அசைவு, முன்பிருந்த நிலை கெட்டுத் தளர்வது. ஒப்பாரியின் ஒவ்வொரு அடியின் ஓரத்திலும் இவற்றில் எது என்று குறித்துப் பாருங்கள். அண்ணன் வீட்டில் பட்ட அவமானம், அடகுபோன நகை எல்லாம் சாவு வீட்டில்தான் வெளியே வரும். இறந்தவரைவிடப் பாடுபவரைப் பற்றியே அதிக அடிகள் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

கேள்வி: அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்கு நாளிதழில் நான்கு வரி எழுத வேண்டும். எழுதியதெல்லாம் பிறர் எழுதியதுபோலவே இருக்கிறது.
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: ‘ஈடுசெய்ய முடியாத’, ‘பாசத்தின் திருவுருவே’, ‘ஆண்டுகள் உருண்டோடினாலும்’ மூன்றையும் அடித்துவிடுங்கள். எந்தப் பெயரின் மேலேயும் பொருந்தும் சொற்கள் அவை. அவர் அன்றாடம் செய்த ஒரு காரியத்தை எழுதுங்கள்: காலையில் எந்த நாற்காலியில் உட்கார்ந்து நாளிதழ் படித்தார், மூக்குக்கண்ணாடியை எங்கே வைப்பார். அடுத்த வரியில் அந்த இடம் இப்போது எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். நான்கு வரி தேவைப்படாமலும் போகலாம்.