அணியை நெடுக்காகச் சுற்றினால் சி நிரல் ஏன் மெதுவாகிறது?

கேள்வி இதுதான்: 4096-க்கு 4096 அளவுள்ள முழு எண் அணியை, அதாவது கிடைமட்ட வரிசைகளும் மேலிருந்து கீழான நெடுக்கைகளும் கொண்ட எண் கட்டத்தைக் கூட்டும்போது, வரிசைக்கும் நெடுக்கைக்குமான இரண்டு லூப்களை (திரும்பத் திரும்ப இயங்கும் நிரல் பகுதிகளை) இடம் மாற்றினால் விடை மாறுவதில்லை, நேரம் மட்டும் பல மடங்காகிறது. ஏன்?

நினைவகத்தில் வரிசையும் நெடுக்கையும் கிடையாது, ஒரே நீண்ட கோடுதான். சி மொழி முதல் வரிசை முழுவதையும் வைத்துவிட்டு, அப்புறம் அடுத்த வரிசையை வைக்கிறது. செயலி ஒரு எண்ணைக் கேட்டாலும் பெரும்பாலான கணினிகளில் 64 பைட்டுகள், அதாவது 4 பைட் எண்கள் 16, ஒன்றாகவே கேஷுக்கு வரும். கேஷ் என்பது செயலிக்குப் பக்கத்தில் உள்ள சிறிய, மிக வேகமான நினைவகம்.

கடுகு எடுக்க அஞ்சறைப் பெட்டியையே அடுப்படிக்குக் கொண்டுவருவோமே, அதுபோல. சீரகமும் வெந்தயமும் கூடவே வந்துவிடும். வரிசையாகப் போனால் அடுத்த 15 எண்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

நெடுக்காகப் போனாலோ ஒவ்வொரு அடியும் 16,384 பைட் தாவல். கடுகை மட்டும் எடுத்துவிட்டு, பெட்டியை மறுபடி பரணில் போடுவதற்குச் சமம். கேஷுக்கு வந்த அந்த 64 பைட் துண்டுக்குத் திரும்பி வருவதற்குள் வேகமான கேஷிலிருந்து அது பெரும்பாலும் வெளியேறியிருக்கும். பிரதான நினைவகத்துக்குப் போய்வர நூற்றுக்கணக்கான கடிகாரத் துடிப்புகள் ஆகலாம். என் பார்வையில், புதிதாக நிரல் எழுதுபவர்கள் நேரம் அளந்து பார்க்க இதைவிட நல்ல சோதனை இல்லை.

‘வரிசையாகப் போவதுதான் எப்போதும் வேகம்’ என்று பலர் மனப்பாடம் செய்கிறார்கள். அது சரியல்ல, ஃபோர்ட்ரான் என்ற நிரல் மொழி நெடுக்கையாகவே அடுக்குவதால் அங்கே நெடுக்காகப் போவதுதான் வேகம்.