லொக் பிக்கிங் பழக முதல்ல என்ன டூல்ஸ் வாங்கலாம்?

24 பீஸ் செட் ஒண்டு ஒன்லைன்ல பாத்தன், கண்ணாடி மாதிரி பூட்டும் சேத்துத் தாறாங்கள், பொழுதுபோக்குக்குத் திறப்பில்லாமப் பூட்டுத் திறந்து பழக அது காணுமா எண்டு கேட்டிருக்கிறீங்கள். தம்பி, காணுமா இல்லை, கூடிப்போச்சு. வெள்ளவத்தையில ரூமில இருந்த காலத்தில நானும் அப்பிடித்தான் ஒரு செட் எடுத்தன், அந்தக் கண்ணாடிப் பூட்டு பத்து நிமிசத்தில திறந்திட்டுது, நான் பெரிய ஆள் எண்டு நினைச்சு ஒரு சின்னப் பித்தளை ஆமைப்பூட்டு வாங்கி வந்து குந்தினா மூண்டு கிழமையா அசையேல்ல, ரெண்டு பிக், அதான் பூட்டுக்குள்ள விட்டுத் தள்ளுற மெல்லிய கம்பி, வளைஞ்சதுதான் மிச்சம்.

பிழை பிக்கில இல்லை, டென்ஷன் ரெஞ்சில, அதான் பிக்கை விடேக்க பூட்டைத் திருப்பிப் பிடிக்கிற வளைஞ்ச தகட்டில. பூட்டுக்குள்ள பின் எண்ட சின்ன உலோகத் துண்டுகள் போற ஓட்டையள் ஒரே நேர்கோட்டில இருக்கிறேல்ல, தொழிற்சாலையில எவ்வளவு கவனமாத் துளைச்சாலும் மயிரிழை வித்தியாசம் வரும், அதால பிளக்கை, அதான் திறப்போட சேந்து சுழலுற உள் உருளையை, லேசாத் திருப்பிப் பிடிச்சா ஒரு பின் மட்டும் முதல்ல இறுகும், அதைத் தேடி மேல தள்ளினா ‘டிக்’ எண்டு உக்காரும், பிறகு அடுத்தது இறுகும். லீனஸ் யேல் 1861ல பேட்டன்ட் எடுத்த பூட்டிலயும் இதே கதைதான். அப்ப அந்த ‘டிக்’ வாறது உங்கட இடது கைக்கு, ரெஞ்ச் வழியா. செட்டோட வாற ரெஞ்ச் மெல்லிசு, வழுக்கும், கை தானா கூட அமத்தும், அமத்தினா எல்லாப் பின்னும் சேந்து இறுகிப் போகும். நான் மூண்டு கிழமை செய்தது அதுதான்.

அதால முதல் காசை நல்ல ரெஞ்சுக்குப் போடுங்கோ, திறப்பு ஓட்டையின்ர மேல் பக்கத்தில இறுக்கமாக் கொழுவுற மாதிரி 1 மில்லிமீட்டர் சுத்தித் தடிப்பத்தில ரெண்டு மூண்டு. பிக் எண்டா நுனி வளைஞ்ச ஒரு சின்ன ஹூக், கொஞ்சம் உயரமான ஹூக் ஒண்டு, அவ்வளவுதான். பிக்கின்ர தடிப்பம் 0.6 மில்லிமீட்டர் எண்டா சாதாரணப் பூட்டுக்குச் சரி, ஓட்டை ஒடுக்கமா இருந்தாத்தான் 0.45. தடிப்பம் எவ்வளவு எண்டு எழுதாத செட்டை நான் தொடமாட்டன். எல்லாப் பின்னையும் ஒண்டாத் தட்டுற, அலை அலையா வளைஞ்ச ரேக் ஒண்டு வச்சிருக்கலாம், விளையாட, ஆனா அதால திறந்தா ஏன் திறந்துது எண்டே தெரியாது. விளிம்பு சொரசொரப்பா இருந்தா நைஸ் சாண்ட் பேப்பரால தேய்ச்சு விடுங்கோ, அதுக்குப் பிறகு பின்னில படுறது கைக்கு வடிவா விளங்கும்.

பூட்டுக்கு கொழும்பில பழைய சோனகத் தெருப் பக்கம் ஹார்ட்வெயார் கடையளில பாருங்கோ, சின்னப் பித்தளைப் பூட்டில மூண்டு நாலு பின்தான் இருக்கும். பழைய கதவுச் சிலிண்டர் கிடைச்சா இன்னும் திறம், பிளக்கைப் பிடிச்சிருக்கிற கிளிப்பைக் கழட்டி எல்லாப் பின்னும் எடுத்துப்போட்டு ஒரு பின்னோட திறந்து பழகி, பிறகு ரெண்டு, மூண்டு எண்டு ஏத்தலாம். ஸ்பிரிங் பாய்ஞ்சு கட்டிலுக்குக் கீழ போகும், துவாய் ஒண்டு விரிச்சிட்டுச் செய்யுங்கோ.

உங்கட பூட்டில மட்டும், அதுவும் தினம் பாவிக்காத பூட்டில. நான் ரூம் கதவில விளையாடி பிக் நுனி உள்ளுக்க முறிஞ்சு, வீட்டுக்கார அன்ரிக்கு முழுப் பூட்டும் மாத்திக் குடுத்தன், அவ இப்பவும் என்னைக் கண்டா கதவைப் பாக்கிறா. ராத்திரி பையில கொண்டு திரியவும் வேண்டாம், பொலிஸ் மறிச்சா ஹொபி எண்டு சொல்லி விளங்கப்படுத்தேலாது.

இப்பவே காசு இல்லையெண்டா பழைய வைப்பர் பிளேட்டுக்குள்ள ரெண்டு இரும்புத் தகடு நீளமா இருக்கும், அதைக் குறட்டால வளைச்சா அருமையான ரெஞ்ச். நான் பஞ்சிகாவத்தையில ஒரு கடையில கழிச்சு விட்ட வைப்பர் நாலைஞ்சு சும்மா வாங்கினன், அதில செய்த ஒண்டைத்தான் இண்டைக்கும் பாவிக்கிறன்.