கவுண்டரிலிருந்து கட்டிலோரத்துக்கு: சில கேள்விகள், சில பதில்கள்

கொழும்பில் ஒரு வங்கியில் 26 வருடம் வேலை செய்தேன். 50 வயதில் விட்டேன். இப்போது, தொழில் மாற நினைப்பவர்களோடும் சாவுக்குக் கிட்டவாக இருப்பவர்களோடும் உட்கார்ந்து கதைப்பதுதான் வேலை. லைஃப் கோச், எண்ட் ஒஃப் லைஃப் கோச் என்று அதற்குப் பெயர். அம்மா மட்டும் "வருத்தக்காரர் வீட்டுக்குப் போய் வாறாள்" என்பா. அது போதும். வாட்ஸ்அப்பில் வந்த கேள்விகள் சேர்ந்துவிட்டன, ஒன்றாகவே பதில் எழுதுகிறேன்.

அக்கா, எனக்கு 41 வயது, கணக்காளர். இதற்கு எங்கே படிப்பது? லைசன்ஸ் வேண்டுமா? (வெள்ளவத்தை)

டாக்டருக்கும் தாதிக்கும் உள்ளதுபோல் கட்டாயப் பதிவு கோச்சுக்கு இல்லை. நாளைக்கே கார்ட் அடித்துக் கொடுக்கலாம். எனக்குப் பயமே அதுதான். சர்வதேச கோச்சிங் சம்மேளனத்தின் முதல் தரச் சான்றிதழுக்கு 60 மணித்தியாலம் வகுப்பும், 100 மணித்தியாலம் ஆட்களுக்குக் கோச்சிங் செய்த அனுபவமும் கேட்பார்கள். ஒன்லைனில் படிக்கலாம். ஆனால் அது வாழ்க்கைப் பக்கத்துக்கு மட்டும். சாவுப் பக்கத்துக்கு வகுப்பை விடக் கட்டிலோரம்தான் நல்ல வாத்தியார். மகரகமவில் இலங்கை புற்றுநோய்ச் சங்கம் நடத்தும் சாந்த சேவன என்ற, கடைசிக்கால நோயாளர்களைப் பராமரிக்கும் இல்லத்துக்குப் போய், தொண்டு செய்ய இடம் உண்டா என்று கேளுங்கள்.

வயதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள், தம்பி. சாகக்கிடப்பவர்களைப் பராமரிக்கும் இன்றைய முறைக்கு வழிகாட்டிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் தாதி. முதுகுவலியால் அதை விட்டு ஆஸ்பத்திரிச் சமூகப் பணியாளரானார். பிறகு மருத்துவம் படித்து 1957ல் டாக்டரானபோது நாற்பதை நெருங்கியிருந்தார். அப்படிப்பட்டவர்களுக்கான செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தை லண்டனில் தொடங்கியது 1967ல்.

காசு வருமா? (தெஹிவளை)

முதல் இரண்டு வருடம் எனக்கு வரவில்லை. ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கலாம். நான் 50 வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது அதற்காகத்தான். தொழில் மாறுகிறவர்களிடம் கட்டணம் வாங்குவேன். சாகக்கிடப்பவர் வீட்டில் முதல் இரண்டு தரம் வாங்குவதில்லை.

அப்பாவுக்குக் கணையத்தில் கான்சர். மாதக்கணக்குத்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டொரொன்டோவில் இருக்கும் அண்ணா, "அப்பாவுக்குச் சொல்லாதே" என்கிறார். அல்சர் என்று சொல்லி வைத்திருக்கிறோம். (கொட்டாஞ்சேனை)

தங்கச்சி, பாதி வீடுகளில் இதே கதைதான்.

அச்சகம் வைத்திருந்த ஒரு ஐயா. வீட்டில் அவருக்கு 'காஸ்ட்ரிக்' என்று சொல்லியிருந்தார்கள். நான் போன மூன்றாம் நாள், மனைவி தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனதும் என்னைக் கிட்டக் கூப்பிட்டார். "அலுமாரித் திறப்பு மேசை லாச்சிக்குள்ள கிடக்கு. நான் போனாப் பிறகு இவவிட்டைச் சொல்லுங்கோ. இப்ப சொன்னா, எனக்குத் தெரியுமெண்டு பயந்திடுவா." அரை மணித்தியாலத்துக்கு முன்தான் அந்த அம்மா வாசலில் வைத்து என் கையைப் பிடித்து, அவருக்கு எதுவும் தெரியக்கூடாது என்று கேட்டிருந்தா. ஒரே அறைக்குள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் நடித்துக்கொண்டு இருந்தார்கள்.

நான் அவருக்கு ஒன்றும் அறிவிக்கவில்லை. அடுத்த நாள், அந்த அம்மாவும் இருக்கும்போது, "ஐயா, உங்கட வருத்தத்தைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தார். பிறகு கணக்குச் சொல்லத் தொடங்கினார். யார் யார் தரவேண்டும், பேப்பர் கடைக்குத் தான் கொடுக்கவேண்டிய நான்கு ரீம் காசு, எல்லாம். அழுதது அந்த அம்மாதான், அதுவும் நான்கு ரீமைக் கேட்டபோது.

நீங்களும் போய் உண்மையைக் கொட்ட வேண்டாம். எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று அப்பாவையே கேளுங்கள். கேட்க விருப்பமில்லை என்றால் அதுவும் அவருடைய உரிமை. நேராகக் கேட்டால் மட்டும் பொய் சொல்லாதீர்கள். நோய் விவரத்தை டாக்டரே சொல்லட்டும். அண்ணாவை வீடியோவில் கூப்பிட்டு வையுங்கள். தூரத்தில் இருப்பவர்களுக்குத்தான் பயம் கூட.

மரணசாசனத்தை வீட்டிலேயே எழுதலாமா? (பம்பலப்பிட்டி)

நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் இருக்க வேண்டும். நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள், எல்லோரும் ஒரே நேரத்தில். 1840ம் ஆண்டுச் சட்டம், இன்றைக்கும் அதுதான். யாழ்ப்பாணத்துக் காணி இருந்தால் தேசவழமை (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம்) தெரிந்த சட்டத்தரணியிடம் போங்கள். நான் எழுதிக் கொடுப்பதில்லை. கை நடுங்க முதல் எழுதச் சொல்லி நச்சரிப்பேன், அவ்வளவுதான்.

அம்மம்மாவுக்கு விழுங்க முடியவில்லை. கடைசியில் பால் பருக்க வேண்டும் என்று மாமா நிற்கிறார். (கொச்சிக்கடை)

கரண்டியால் ஊற்றாதீர்கள். விழுங்க முடியாதவருக்குப் பால் மூச்சுக்குழாய்க்குள் போகும், புரைக்கேறும். பஞ்சைப் பாலில் தோய்த்து, நன்றாகப் பிழிந்து, உதட்டில் ஒற்றுங்கள். மாமாவின் கையாலேயே ஒற்றட்டும், சடங்கும் நிறைவேறும். எல்லாப் பேரப்பிள்ளைகளும் வரிசையில் நிற்கத் தேவையில்லை. ஒரு வீட்டில் ஐயாவுக்குப் பால் பிடிக்காது, கருப்பட்டி போட்ட வெறும் தேத்தண்ணியில் தோய்த்தோம். நாக்கை ஒருதரம் வெளியே நீட்டினார்.

பக்கத்தில் இருந்து தேவாரம் படியுங்கள், பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். கண் திறக்காவிட்டாலும் காது கேட்கிறது என்று நினைத்தே கதைக்க வேண்டும். "இனி எவ்வளவு நேரம்?" என்று தலைமாட்டில் நின்று கேட்கக் கூடாது, அப்புறம் அதை அள்ள முடியாது.

எப்போதும் சாவு வீடு என்றால் உங்கள் மனம் என்னாகும்? (தெஹிவளை)

ஒரே நேரத்தில் இரண்டு வீட்டுக்கு மேல் எடுப்பதில்லை. ஒருவர் போனால் இரண்டு வாரம் ஓய்வு. அன்றைக்குக் காலிமுகத்திடலில் இறால் வடை, உறைப்பாக. ஆனால் நீங்கள் கேட்பது உங்கள் மனத்தைப் பற்றி என்றால், உயிரை வெறுக்கும் நினைப்பு வருகிறதென்றால், எனக்கு எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். 1926க்கு அழையுங்கள், இரவிலும் எடுப்பார்கள். தேசிய மனநல உதவி இலக்கம் அது.

ஆண்கள் இந்த வேலைக்கு வரலாமா? (வத்தளை)

கட்டாயம் வாருங்கள். எத்தனையோ ஐயாமார் சவரம் செய்யாமல் கிடக்கிறார்கள், என்னிடம் கேட்க வெட்கப்பட்டு.