அப்பா தலைமுறைக்குக் கைகொடுத்த கடின உழைப்பு இப்போது ஏன் போதவில்லை?

பிள்ளைகள் பெற்றோரைவிட அதிகம் சம்பாதிப்பதைத் தலைமுறை முன்னேற்றம் என்கிறோம். அது உழைப்பை மட்டும் பொறுத்ததல்ல. எந்தக் காலத்தில் வேலைக்கு வந்தோம் என்பதும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கிறது.

அமெரிக்காவில் பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் அவருடைய குழுவினரும் இதை அளந்து பார்த்தார்கள். பிள்ளைகளின் 30 வயது வருமானத்தைப் பெற்றோரின் ஏறக்குறைய அதே வயது வருமானத்தோடு, விலைவாசி உயர்வைக் கழித்துவிட்டு ஒப்பிட்டார்கள். 1940இல் பிறந்தவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் பெற்றோரை மிஞ்சினார்கள். 1980களில் பிறந்தவர்களில் பாதிப் பேர்தான். ஒரு தேசமே திடீரென்று சோம்பேறியாகிவிட்டது என்றா சொல்வது? பொருளாதாரம் வளராமல் இல்லை. வளர்ச்சியின் பெரும்பங்கு மேல்தட்டுக்கே போய்விட்டது என்பதுதான் அவர்கள் கண்ட முக்கியக் காரணம்.

நகரும் படிக்கட்டில் பத்து அடி வைப்பவர் மாடிக்கே போய்விடுவார். சாதாரணப் படிக்கட்டில் அதே பத்து அடி பாதி வழிதான்.

அப்புறம், வீட்டுக் கணக்கு. சம்பளம் இரண்டு மடங்காகி வீட்டு விலை நான்கு மடங்கானால், அதே வீட்டுக்கு இரண்டு மடங்கு ஆண்டுகள் உழைக்க வேண்டும். ‘நான் வாங்கினேனே, உன்னால் ஏன் முடியவில்லை?’ என்று கேட்கும் பெரியவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

சரி, அப்படியானால் உழைப்பே வீண் என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது தப்பு: மேலே சொன்ன 90, 50 இரண்டும் பெற்றோரோடு பிள்ளைகளை ஒப்பிட்ட கணக்கு, உழைப்பவரையும் உழைக்காதவரையும் ஒப்பிட்டதல்ல.